தூளியும் ஒரு பாட்டும்

காலை நேரத்தில் திருப்பூர் ராயபுரம் வீடுகளில் பனியன் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரம். ஓவர்லாக் மிஷினில் உட்காரப் போகிற அம்மா ஒரு கையால் டிபன் பாக்ஸை மூடுகிறார், மறு கையால் சேலைத் தூளியை ஆட்டுகிறார். வாய் தானாக ‘ஆராரோ’ என்று இழுக்கிறது.

அந்த இழுப்புக்கு எவ்வளவு பலம் தெரியுமா? கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். வெறும் பேச்சைக் கேட்டவை நான்கு நிமிடம் போல அழாமல் இருந்தன. பாட்டைக் கேட்டவை ஒன்பது நிமிடம்! அதுவும் பழக்கமே இல்லாத துருக்கிப் பாட்டு. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா தன் மொழியில் பாடினாலும் நம் குழந்தை காது கொடுக்கும்.

பாடுகிற அம்மாவுக்கும் நல்லது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த 134 தாய்மார்களை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2018-இல் வந்தது. சோர்வு அதிகமாக இருந்தவர்களில், பத்து வாரம் குழந்தையோடு கூடிப் பாடியவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் அம்மாவுக்குத் தூக்கம் கெட்டு, அழுகை அடங்காவிட்டால் டாக்டரையும் கட்டாயம் பாருங்கள்.

தாலாட்டு அம்மாக்களுக்கு மட்டுமானதல்ல. கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய பெரியாழ்வாரும், ராமனுக்குப் பாடிய குலசேகராழ்வாரும் ஆண்கள்தானே? நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பாக்களே, அம்மிச்சியிடம் ஒரு பாட்டுக் கேட்டு வைத்துக்கொண்டு, இன்றைக்கு நீங்கள் தூளியை ஆட்டுங்கள்.