அறிவிப்பதும் நீதியே
(செட்டிகுளத்தில் ஆற்றிய உரை)



பொருளைப் பறிகொடுத்த கமக்காரன் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறான். வழக்குத் தவணை என்று என்பதை எவரும் அவனுக்கு அறிவிப்பதில்லை. பிணை கேட்பது சந்தேகநபரின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவரைத் தன் வேலியோரத்தில் கண்ட பின்னர்தானா இழந்தவன் அதை அறிதல் வேண்டும்?

விசாரணையின் போக்கையும் தவணையையும் பிணையையும் தீர்ப்பையும் அறிவது சலுகையன்று, உரிமை. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதனை ஏற்றது. அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் ஏற்றுள்ளது. வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழே என்கிறது அரசியலமைப்பு. ஆகவே, அறிவித்தலும் தமிழிலேயே வருதல் வேண்டும்.

2009இல் மெனிக் பாம் முகாமில், உறவினர் பற்றிய ஒரு சொல்லுக்காக ஆயிரமாயிரம் பேர் ஏங்கிக் கிடந்த மண் இது. செய்தி கிடையாத துயரை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே, கமக்காரராகிய நாம் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பேணுவோம். தகவல் வேண்டுமென எழுத்திலே கேட்போம். கற்றோராகிய நாம் அயலவருக்கு அக்கடிதத்தை எழுதிக் கொடுப்போம். கேளாதிருந்தால், சட்டம் தந்த உரிமையும் ஏட்டுச் சுரைக்காயே!