தண்டத்துண்டும் வைத்தியரின் கடிதமும்

(வட்டக்கச்சியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் காணிப் பத்திரங்களைப் பற்றிக் கதைத்தோம். முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஐயா வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓடியதற்காகப் பொலிஸார் கொடுத்த தண்டத்துண்டு. ஐயாவின் காதுக்குப் பின்னால் இன்னும் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. ஹெல்மெட்டின் விளிம்பு சரியாக அந்த இடத்தில்தான் அழுத்துகிறது. "டொக்டரிட்டக் கடிதம் வாங்கிக் குடுத்தால் இதை வெட்டிவிடுவினமோ பிள்ளை? லண்டனிலை இருக்கிற மகன் அங்கை அப்பிடித்தான் எண்டு சொல்லுறான்" என்று கேட்டார்.

இந்த மண்டபத்தில் இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும். அதனால் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன்.

மகன் சொன்னது பொய்யில்லை. பிரித்தானியாவில் வாகனத்தின் முன்னிருக்கையில் இருப்பவர்கள் பட்டி அணியவேண்டும் என்பது 1983 ஜனவரி முதல் சட்டம். நோய் காரணமாக அணிய முடியாதவருக்கு வைத்தியர் விலக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. பொலிஸார் மறித்தால் அதைக் காட்டலாம். அங்கே அந்தக் கடிதத்துக்குப் பலம் வந்தது வைத்தியரின் கையெழுத்தால் மட்டும் அல்ல, சட்டத்தில் அதற்கு இடம் எழுதப்பட்டிருப்பதால்.

இங்கே நாங்கள் கிளினிக்கில் வாங்கும் சாதாரணக் கடிதம் அப்படிப்பட்டதல்ல. அது உங்கள் உடல்நிலைக்குச் சாட்சி. ஹெல்மெட் இல்லாமல் ஓடுவதற்கான அனுமதி அல்ல. வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு விடவும் கூடும், துண்டு எழுதவும் கூடும். ஆனால் எழுதிய பிறகு அந்தக் கடிதத்தை எடைபோட்டுப் பார்க்கக்கூடியவர் நீதவான்தான். தபாற்கந்தோரில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

ஆகவே துண்டு கையில் வந்ததும் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. "இந்தப் பணத்தைக் கட்டினால் விடயம் இத்தோடு முடியும்" என்று உங்களுக்குத் தரப்படும் ஒரு வழி. லைசன்ஸை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 14 நாளுக்கு அந்தத் துண்டே உங்கள் தற்காலிக லைசன்ஸ். தபாற்கந்தோரில் பணம் கட்டி, பற்றுச்சீட்டை அந்தப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். ஆனால் கட்டினால் குற்றச்சாட்டை ஏற்று முடித்ததாகிவிடும். "முதல் கட்டுவம், பிறகு கடிதத்தோட போய்க் கேப்பம்" என்று நினைக்கவேண்டாம். எதிர்க்க விரும்பினால் கட்டுவதற்கு முன்னரே அந்த முடிவை எடுக்கவேண்டும்.

துண்டு சிங்களத்தில் நிரப்பப்பட்டிருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்: என்ன குற்றம் எழுதியிருக்கிறது, எந்த நீதிமன்றம், எந்தத் திகதி? அதைத் தமிழில் உங்கள் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு தமிழில்தான் நடக்கும். மொழி தெரியாதே என்ற பயத்தில் யாரும் பணத்தைக் கட்டிவிட்டு வரவேண்டியதில்லை.

நீதிமன்றம் போகும் நாளில் குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். இரண்டு சொற்களும் காதில் ஒன்றுபோல விழும், கவனமாகக் கேளுங்கள். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யவில்லை என்பது. அப்படிச் சொன்னால் விளக்கத்துக்கு வேறு திகதி போடுவார்கள். ஹெல்மெட் போடாதது உண்மை, ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது என்றால், குற்றத்தை ஏற்றுக்கொண்டு காரணத்தைச் சொல்லி, கடிதத்தைக் கொடுத்து, தண்டனையைக் குறைக்கும்படி கேட்கலாம். எது உங்களுக்குப் பொருத்தம் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காசு இல்லாதவர்களுக்கு உதவத்தான் 1978 இல் சட்ட உதவி ஆணைக்குழு உருவாக்கப்பட்டது.

கூலி வேலைக்குப் போகிறவர்கள் கணக்கையும் பார்க்கவேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசும் போகும். குற்றவாளி என்று தீர்ந்தால் அங்கே விதிக்கும் தண்டம் துண்டில் உள்ளதைவிடக் கூடலாம். பணமும் கட்டாமல், திகதிக்கும் போகாமல் விட்டால் பிடியாணை வரலாம். அதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. இன்னொரு வழி, வீதியில் கையில் காசு வைப்பது. அது வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, கொடுக்கிறவருக்கும் குற்றம்.

இனிக் கடிதம். "எல்லாப் பேப்பரும் அங்கையே போட்டுது" என்று பலர் சொல்கிறீர்கள். 2009 இல் காயப்பட்டவர்கள் பலர் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு வவுனியா, செட்டிகுளம் முகாம்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு, ஒரு அட்டை. அவை இல்லாவிட்டால் கை விரிக்கவேண்டாம். உடம்பில் இருக்கும் இரும்பு இன்றைக்கு எடுக்கும் எக்ஸ்ரேயிலும் தெரியும். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் காட்டி, புதிதாகக் கிளினிக் கொப்பி திறந்து, அதிலிருந்து தொடங்கலாம்.

கடிதத்தில் மூன்று விடயங்கள் இருக்கட்டும்: உங்களுக்கு என்ன பாதிப்பு, அதனால் எதைச் செய்ய முடியாது, இது எவ்வளவு காலத்துக்கு. காயம் எங்கே, எப்படி வந்தது என்ற கதை ஹெல்மெட் வழக்குக்குத் தேவைப்படுவதில்லை. அந்தக் கேள்வி வந்துவிடுமே என்ற பயத்தில்தான் பலர் பேசாமல் தண்டம் கட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வைத்தியரிடம் உடல்நிலையை மட்டும் எழுதித் தரும்படி கேட்கலாம். அதில் தவறு இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "கழுத்தைத் திருப்பவே ஏலாது" என்று கடிதத்தில் இருந்தால், "அப்படியானவர் எப்படி வாகனம் ஓடுகிறார்?" என்ற கேள்வி எழும். லைசன்ஸுக்கே மருத்துவச் சான்றிதழ் கேட்கிற நாடு இது. ஹெல்மெட் பிரச்சினைக்கு வாங்கிய கடிதம் லைசன்ஸையே கேள்விக்குள்ளாக்கக்கூடாது. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. எதைச் செய்ய முடியாது என்பதோடு, ஓடுவதற்குத் தகுதி இருந்தால் அதையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

அதற்கும் முதல் கேட்கவேண்டிய கேள்வி: "டொக்டர், வேற மாதிரி ஹெல்மெட் எனக்குச் சரிவருமோ?" ஏற்கெனவே காயப்பட்ட தலைக்குத்தான் பாதுகாப்பு இன்னும் கூடத் தேவை. ஒன்றும் சரிவராவிட்டால், முச்சக்கர வண்டியோ பஸ்ஸோதான் நல்லது.

அந்த ஐயாவுக்குத் துண்டில் இன்னும் மூன்று நாள் இருந்தது. அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனார். காது மூடாத, ஒரு அளவு பெரிய ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்கும்படி வைத்தியர் சொன்னாராம். கடையில் நாலைந்தைப் போட்டுப் பார்த்து, நோகாத ஒன்றைத் தெரிவு செய்தார். இந்தமுறை வழக்குக்குப் போவதில்லை என்று தானே முடிவெடுத்துத் தண்டத்தைக் கட்டினார். எக்ஸ்ரேயும் கடிதமும் இப்போது அவரிடம் இருக்கின்றன. பிரதி ஒன்று வீட்டுப் பெட்டியில், இன்னொன்று வண்டிப் பத்திரங்களோடு.

உங்களில் யாருக்காவது இப்படிக் காயம் இருந்தால், அடுத்த தடவை பொலிஸ் மறிக்கும்வரை காத்திருக்கவேண்டாம். வருகிற கிளினிக் நாளிலேயே கேளுங்கள். துண்டு ஏற்கெனவே கையில் இருந்தால், இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.