எழுதிக் கொடுத்த பயிற்சியும் செய்த பயிற்சியும்

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படைக்க வந்திருக்கும் மருத்துவர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் முதுநிலை மாணவர்களையும் வரவேற்கிறேன்.

அதிக எடை உள்ளவர்களின் இதயத்துக்கு ஏற்றது, விட்டுவிட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சியா, ஒரே சீராகச் செய்யும் மிதமான பயிற்சியா? இதைப் பட்டிமன்றத் தலைப்பாக்கினால் தீர்ப்பு எளிதாகிவிடும். நோயாளிக்குப் பயன் இருக்காது.

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் ஆய்வர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்சிதைமாற்றக் கோளாறு உள்ள 32 பேர். வாரம் மூன்று நாள், 16 வாரம். ஒரு பிரிவினர் இதயத்துடிப்பு உச்சத்தில் 90 விழுக்காட்டைத் தொடும்படி டிரெட்மில்லில் நான்கு நிமிடம் ஏறி நடந்து, மூன்று நிமிடம் வேகம் தணித்தார்கள். இப்படி நான்கு சுற்று. மற்றொரு பிரிவினர் 70 விழுக்காட்டில் 47 நிமிடம் நடந்தார்கள். மூன்றாம் பிரிவு ஒப்பீட்டுக்கு. பயிற்சி செய்த இரு பிரிவிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. உச்ச ஆக்சிஜன் பயன்பாடோ முதல் பிரிவில் 35 விழுக்காடும், அடுத்ததில் 16 விழுக்காடும் உயர்ந்தது. “ரெண்டு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையல டாக்டர்” என்று பயிற்சியைக் கைவிடுகிறவரிடம் நாம் சொல்லவேண்டிய செய்தி இது. எடை இயந்திரம் காட்டாத முன்னேற்றமும் உண்டு.

அதற்காகத் தீவிரப் பயிற்சியே வென்றது என்று முடிவுகட்ட வேண்டாம். 2017-இல் வெளிவந்த ஸ்மார்டெக்ஸ் ஆய்வில் ஐரோப்பாவின் ஒன்பது மையங்களைச் சேர்ந்த 261 இதயச் செயலிழப்பு நோயாளிகள் இருந்தார்கள். இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. தீவிரப் பிரிவில் பாதிப்பேர் சொன்ன இலக்கை எட்டவில்லை. மிதமான பிரிவில் 80 விழுக்காட்டினர் இலக்கைத் தாண்டினார்கள். ஒப்பிட நினைத்த இரண்டும் நடைமுறையில் நெருங்கிவந்துவிட்டன. அந்நோயாளிகள் வேறு, நம் பேசுபொருள் வேறு. ஆயினும் எழுதிக் கொடுத்ததும் செய்ததும் ஒன்றல்ல என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

நம் புறநோயாளிப் பிரிவில் “தினமும் நடங்க” என்று எழுதுகிறோம். எவ்வளவு வேகம் என்று எழுதுவதில்லை. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு வழக்கமான துடிப்புக் கணக்கைக் கொடுத்தால், அவர் எவ்வளவு முயன்றாலும் அந்த எண் வராது. அவருக்குப் பேச்சே அளவுகோல்: பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதம், நாலைந்து சொல்லிலேயே மூச்சு வாங்கினால் தீவிரம். நெஞ்சுவலி, மயக்கம் வந்தவர்களைப் பரிசோதிக்காமல் தீவிரப் பயிற்சிக்கு அனுப்பவும் கூடாது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் மூன்று வேண்டுகோள். ஆட்களைச் சேர்த்தது உடல் நிறை குறியீட்டெண் 25-இலா, ஆசியர்க்கான 23-இலா என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த தீவிரத்தோடு, செய்த தீவிரத்தையும் காட்டுங்கள். இடையில் நின்றவர்களை விட்டுவிடாமல் கணக்கில் சேர்த்து, ஏன் நின்றார்கள் என்றும் கூறுங்கள். இந்த மூன்றும் தெரிந்தால்தான் நாளை நாம் எழுதும் மருந்துச்சீட்டு மாறும்.

கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.