பூட்டிய வீட்டிற் பிள்ளைகள்

சினம் தீயது என்று அறநூல்கள் கூறும். ஆயினும் தம் குறையைச் சொல்ல இயலாதவர்க்காகப் பிறர் கொள்ளும் சினமும் உண்டு. சொல்ல இயலாதவர்மீதே பாயும் சினமும் உண்டு. இவ்விரண்டும் ஒரே தெருவில், ஒரே மாடங்களிலிருந்து எழுந்ததை 2020ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் ஸ்பெயின் நாடு கண்டது.

அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதி அந்நாட்டு அரசாங்கம் அவசர நிலையைப் பிரகடனஞ் செய்தது. கொவிட் நோய் கட்டுக்கடங்காது பரவிய வேளை அது. ஏப்பிரல் 2ஆம் திகதி வெளியான கணக்கின்படி ஒரே நாளில் 950 பேர் மாண்டனர். தலைநகராகிய மட்றிட்டில், பனிச்சறுக்கு விளையாடும் அரங்கொன்று பிணங்களை வைக்கும் இடமாயிற்று. இத்தகைய நேரத்தில் அரசு கடுமையாக நடந்துகொண்டதை எவரும் எளிதிற் குறைகூற இயலாது.

உணவும் மருந்தும் வாங்க வெளியே செல்லலாம். இன்றியமையாத தொழிலுக்குச் செல்லலாம். வளர்ப்பு நாயைத் தெருவில் நடத்திச் செல்லவும் தடையில்லை. இவையே மக்களுக்கு எஞ்சியிருந்த உரிமைகள். சிறுவர்க்கோ கடைக்குப் போகும் கடமையும் இல்லை, தொழிலுக்குப் போகும் கடமையும் இல்லை. வீட்டில் விட்டுவரத் துணையற்ற பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, ஏனையோர் வெளியே வருவதற்குரிய காரணமொன்றையும் அச்சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. ஓடுவதும் வெயிலில் நிற்பதும் பிள்ளைகளுக்குத் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை, எல்லாரும் மறந்துவிட்டனர்.

அந்த மறதிக்கு அச்சமும் ஒரு காரணம். சளிச்சுரம் போன்ற நோய்களைப் பள்ளிப் பிள்ளைகளே வீட்டுக்கு வீடு கொண்டுசெல்வர் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. புதிய நோயும் அவ்வாறே பரவுமெனப் பலர் கருதினர். சிறு பிள்ளைகளே இந்நோயைப் பரப்பும் முதன்மையானோர் என்பதைப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் உறுதிசெய்யவில்லை. ஆனால் அந்த முதல் வாரங்களில், ஒரு பிள்ளை தெருவிலே தோன்றினால் அதனை ஆபத்தாகவே பலர் பார்த்தனர்.

ஸ்பெயின் மக்களிற் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்கள். நம் நேயர்களிற் பலர் அறிந்த முற்றமும் கிணற்றடியும் வேலியோரத்து மரநிழலும் அங்கில்லை. சாளரத்தைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். இத்தகைய வீடுகளில் பதினான்கு வயதிற்குட்பட்ட அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆறு வாரங்கள் இருந்தனர். அக்காலத்தில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 1,143 பெற்றோரிடம் உளவியலறிஞர் வினவியபோது, அவர்களுள் நூற்றுக்கு எண்பத்தைவருக்கு மேற்பட்டோர் தம் பிள்ளைகளின் மனநிலையிலும் நடத்தையிலும் மாற்றங் கண்டதாகக் கூறினர். எதிலும் மனம் ஊன்றாமை, சலிப்பு, எரிச்சல் என்பனவே அவற்றுள் மிகுதியாகச் சொல்லப்பட்டவை.

ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு மக்கள் தம் மாடங்களில் வந்து நின்று, மருத்துவருக்கும் தாதியருக்கும் நன்றி தெரிவித்துக் கைதட்டினர். அஃது உள்ளத்தை உருக்கும் காட்சி. ஆனால் அதே மாடங்களிலிருந்து பகலில் வேறு குரலும் கேட்டது. ஓட்டிசம் முதலிய குறைபாடுடைய பிள்ளைகள் சிறிது நேரம் வெளியே உலாவலாம் என்று மார்ச் மாதத்திலேயே அரசு அனுமதி வழங்கியிருந்தது. அவ்வாறு வந்த பிள்ளைகளையும் பெற்றோரையும் காரணம் அறியாத அயலவர் மேலிருந்து ஏசினர். ஏச்சிலிருந்து தப்பப் பெற்றோர் சிலர் நீலநிறத் துணியைக் கையிற் கட்டிக்கொண்டு தெருவிலிறங்க வேண்டியதாயிற்று. நோயை எதிர்க்க எழுந்த சினம், நோயுடன் தொடர்பேயில்லாத ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தது.

ஏப்பிரல் மாதத்தில் அச்சினம் திசை திரும்பியது. பிள்ளைகளை வெளியே விடவேண்டுமென்று பெற்றோரும் பிள்ளை மருத்துவரும் குரலெழுப்பினர். பார்சலோனா நகர முதல்வராயிருந்த, தாமும் இரு சிறுவரின் தாயாகிய அடா கொலாவு அம்மையார் அதே வேண்டுகோளைப் பகிரங்கமாக விடுத்தார். தலைமை அமைச்சர் பெத்ரோ சாஞ்செஸ், அம்மாத இறுதியிற் பிள்ளைகளுக்கு வழி திறக்கப்படும் என்று அறிவித்தார். நாடு நம்பிக்கையோடு காத்திருந்தது.

ஏப்பிரல் 21ஆம் திகதி வந்த அறிவிப்போ அந்நம்பிக்கையைச் சிதைத்தது. பெற்றோர் கடைக்கோ, வங்கிக்கோ, மருந்தகத்திற்கோ செல்லும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லலாம் என்பதே அதன் சாரம். திறந்த வெளி வேண்டிய பிள்ளைக்கு, சனம் கூடும் கடை தரப்பட்டது. நோயாளர் வந்துபோகும் மருந்தகம் தரப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். பாத்திரங்களைத் தட்டும் ஓசை மாடங்களிலிருந்து எழுந்தது. அன்று மாலையே சுகாதார அமைச்சர் சல்வதோர் இல்யா முன்வந்து, முடிவு மாற்றப்பட்டது என்று அறிவித்தார்.

ஏப்பிரல் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கதவுகள் திறந்தன. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். பெரியவர் ஒருவருடன் மூவருக்கு மேற்படாத பிள்ளைகள் என்பது விதி. விளையாட்டுத் திடல்கள் பூட்டியே கிடந்தன. ஆயினும் பந்துகளும் உதைவண்டிகளும் மீண்டும் தெருவுக்கு வந்தன. அன்றே சில இடங்களிற் கூட்டம் மிகுந்திருப்பதைக் காட்டும் படங்கள் பரவ, சினம் மறுபடியும் பெற்றோர் பக்கம் திரும்பியது என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

2021 ஜூலையில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், மக்களை வீட்டிலிருத்திய அந்த ஏற்பாட்டிற்குக் கைக்கொண்ட சட்ட வழி பொருந்தாது என்று ஆறுக்கு ஐந்து என்ற வாக்குகளால் தீர்ப்பளித்தது. நீதிபதிகளே இவ்வாறு பிளவுண்ட விடயத்தில், அன்றைய ஆட்சியாளரைக் கொடியர் எனச் சாடுவது பொருந்தாது. அவர்கள் இறப்பைத் தடுக்கவே முயன்றனர். தவறு வேறிடத்தில் இருந்தது. விதி வகுத்தபோது, வாக்குரிமையும் வருமானமும் இல்லாத ஒரு கூட்டத்தாரின் தேவையை யாரும் கேட்கவில்லை. கேட்டபின் அதனைத் திருத்த அரை நாளே போதுமாயிருந்தது.

2020 செப்தெம்பரில் ஸ்பெயின் தன் பள்ளிக்கூடங்களைத் திறந்தது. நோய் மீண்டும் மீண்டும் பெருகியபோதும், அக்கல்வியாண்டு முழுவதும் அவற்றைப் பெரும்பாலும் மூடாமலே வைத்திருந்தது. இளவேனிலிற் கற்ற பாடம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

கொள்ளைநோய் இனியும் வரலாம். கதவுகளை மூடவேண்டிய நாளும் வரலாம். அன்று விதி எழுதுவோர், வீட்டினுள்ளே இருக்கும் மிகச் சிறிய உயிரை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். மாடத்தில் நிற்போரும், கீழே தெருவில் நடந்துபோகும் பிள்ளையைக் கண்டால், ஏசுவதற்கு முன் ஒரு கணம் பொறுத்திருக்க வேண்டும்.