குருமனைக் கொப்பியும் கமக்காரன் காணியும்

(அமலமரித் தியாகிகள் சபையின் அங்கீகார ஞாபக நாளையொட்டி வலிகாமத்துப் பங்கொன்றில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நான் சைவ வீட்டிற் பிறந்தவன். ஆயினும் சுவாமிமாரிடம் எழுத்துப் படித்தவன். யாழ்ப்பாணத்தில் இதில் புதுமை ஒன்றுமில்லை. இச்சபையில் அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் அத்தகையவரே என்பதை முகங்களைப் பார்த்தே சொல்வேன். வாழ்த்துரை வழங்குமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். வாழ்த்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்: சபை நீடு வாழ்க. இனி வந்த காரியத்தைப் பேச எனக்கு அனுமதி தாருங்கள்.

1826ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி, பன்னிரண்டாம் சிங்கராயர் என்னும் லியோ பாப்பரசர் இச்சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்தார். 2026இல் அதற்கு இருநூறு ஆண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் உலகெங்குமுள்ள சபையினர் தத்தம் இல்லங்களிற் கூடித் தமது வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கின்றனர். சபையின் தொடக்கமோ அதற்கும் பத்தாண்டு முந்தியது. 1816ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி, தென் பிரான்சின் எக்ஸ் நகரில், யூஜின் டி மசெனட் என்னும் இளங்குரு ஒரு சிலரைச் சேர்த்துக்கொண்டு அதனைத் தொடக்கினார். அம்மனிதரைப் பற்றி ஒரு செய்தியை மட்டும், தமிழ் பேசும் மக்களுக்குச் சிறப்பாக, நினைவூட்ட விரும்புகிறேன். அவர் பிரபு குலத்திற் பிறந்தவர். எக்ஸ் நகரில் படித்தவர்களின் மொழி பிரெஞ்சு. வேலைக்காரரும் கமக்காரரும் பேசியது புரோவென்சால். 1813ஆம் ஆண்டுத் தபசுகாலத்தில் மதலேன் ஆலயத்திலே, பிரபுக்களின் மொழியை விடுத்து, அந்த ஏழைகளின் மொழியிலேயே அவர் பிரசங்கித்தார். அவர் வர்க்கத்தாரிற் பலர் முகஞ் சுளித்தனர். மக்களின் மொழியில் பேசினால் மதிப்புக் குறையும் என்று எண்ணுவோர் எந்த நாட்டிலும் உண்டு. நம் நாட்டுக்கும் அவர்கள் புதியவர்களல்லர்.

யாழ்ப்பாணத்து மேற்றிராணியார் பெட்டக்கீனி கேட்டுக்கொண்டதற்கிணங்க, மசெனட் அனுப்பிய முதற் கூட்டம் 1847ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி காலித் துறையில் வந்திறங்கிற்று. செமேரியா சுவாமியார் தலைமையில் மூன்று குருக்கள், ஒரு சகோதரர்: நான்கே பேர். அனுப்பியவர் இலங்கையைத் தம் கண்ணாற் கண்டதில்லை, கடைசிவரையிற் காணவுமில்லை. கடிதம் எழுதினார், கடிதம் கேட்டார். யார் நோயுற்றார், யார் இறந்தார், எவ்வூரில் எத்தனை பேர் பூசைக்கு வந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இவ்வழக்கம் அவரோடு ஒழியவில்லை. அவர் 1861இல் இறந்த பின், அடுத்த ஆண்டே, உலகெங்குமுள்ள இல்லங்களின் செய்திகளைத் திரட்டும் ஏடு ஒன்றைச் சபை அச்சிடத் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்துச் செய்தியும் அதில் ஏறிற்று. இங்கே நமது மண்ணிலோ 1876 முதல் 'சத்தியவேத பாதுகாவலன்' வெளிவந்தது.

துறவிகளின் வீட்டுச் செய்தி எவ்வளவினது? இன்னார் நவசந்நியாசத்திற் புகுந்தார். இன்னார் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். இன்னார் இன்ன பங்குக்கு மாற்றலாகிச் சென்றார். இன்னாருக்கு வெள்ளி விழா, பொன்விழா. இன்னார் இறைவனடி சேர்ந்தார். அவ்வளவுதான். இளமையில் இவற்றைப் படித்து நான் சிரித்ததுண்டு. உலகம் எங்கோ போய்க்கொண்டிருக்க, இந்தச் சுவாமியாருக்குச் சளி பிடித்த செய்தி யாருக்கு வேண்டும் என்று கேட்டதுமுண்டு. பிள்ளை குட்டி இல்லாதவர்களுக்கு இதுவே வமிச வரலாறு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. வேறொன்று புரிய இன்னும் அதிக காலம் எடுத்தது. அதைச் சொல்லவே வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கமக்காரர் என்னிடம் வந்தார். ஊரையும் பெயரையும் சொல்லேன். காணி ஆறு பரப்பு, செம்மண், துலாக் கிணறு ஒன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவரும் நடந்தார். தென்மராட்சி, பின்னர் வன்னி. 2010இல் திரும்பி வந்தபோது காணியில் வேறொருவர் வெங்காயம் நட்டிருந்தார். 1996இலிருந்து தாமே ஆண்டு வருவதாகவும், பத்தாண்டு ஆட்சி பழுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை யாரோ அவருக்கு நன்றாகப் படிப்பித்திருந்தார்கள்.

ஆட்சி பற்றிய அந்த வாதத்துக்குப் பதில் இருந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுவின் செயல்களினாலே தம் உரிமையைத் தேடிப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. ஆனால் அச்சட்டத்தின் பயனைப் பெற இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பது விதி. எத்தனை கமக்காரர் அதை அறிந்தனர்? படித்த நாம் எத்தனை பேருக்குச் சொன்னோம்? இக்கேள்வியை என்னிடமே முதலிற் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் கூட்டி, மாலை போட்டு, தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டாண்டில், வாசிகசாலைக்கு வாசிகசாலை சென்று இந்த ஒரு சட்டத்தைப் படித்துக் காட்டியிருந்தால் எத்தனையோ காணிகள் மிஞ்சியிருக்கும். என்னிடம் வந்தவர் தற்செயலாகத் தப்பியவர். தவணைக்குள் வந்து சேர்ந்தார்.

ஆட்சி வாதம் தளர்ந்ததும் எதிர்த்தரப்பார் வேறு கதவைத் தட்டினர். உறுதி பாட்டன் பெயரில் இருந்தது. அதன் பின், நம்மவர் வழக்கப்படி, முதுசமாக எழுத்தின்றிக் கைமாறிற்று. "உறுதியிற் சொல்லப்பட்ட காணி இதுவல்ல, இவருடைய தகப்பன் இந்த மண்ணில் ஒருநாளும் கமஞ் செய்ததில்லை" என்றனர். எல்லைக் கல் இல்லை. பூவரசு வேலி இல்லை. அயலவர்களிற் சிலர் இறந்தனர். சிலர் கனடாவில் இருந்தனர். தகப்பன் கமஞ் செய்ததற்கு எழுத்திலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கமக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. மண்ணைக் கொத்துகிறவன் அதை எங்கே எழுதி வைப்பான்?

நீண்ட நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, நான் சின்னப் பொடியனாய் இருக்கேக்க எங்கட தோட்டத்திலை ஒரு சுவாமியாற்றை வெள்ளி விழாச் சாப்பாடு நடந்தது."

இச்சபையின் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு எழுதி வரவேண்டும் என்பது அவர்களின் பழைய ஒழுங்கு. இல்லத் தலைவர், அன்றன்று நடந்ததை, நாள் குறித்து எழுதுவார். அந்தப் பங்கின் குறிப்பேடு பிழைத்திருந்தது. 1995இல் குருவானவர் பூசைப் பாத்திரத்தையும் அந்தக் கொப்பிகளையும் ஒரே பையிலே கட்டிச் சைக்கிளில் உருட்டிச் சென்றாராம். நாங்கள் தேடிய பக்கம் 1963ஆம் ஆண்டு மாசி மாதத்தது. விழாவுக்கு வந்த குருக்களின் பெயர், பாடற்பூசை, பாண்ட் வாத்தியம், மேற்றிராணியார் வர இயலாமற் போனது எல்லாம் எழுதிய பின்னர், போகிற போக்கில் ஒரு வரி: மண்டபத்தில் இடம் போதாமையால், குருமனைக்கு மேற்கே உள்ள இன்னாரின் தோட்டத்தில், அவர் வெங்காயம் கிண்டி முடித்திருந்தபடியால், பந்தல் இட்டு விருந்து நடத்தப்பட்டது; கிணற்று நீரும் அவரே இறைத்துக் கொடுத்தார்; அவருக்கு நன்றி.

அந்த 'இன்னார்' என் கட்சிக்காரரின் தகப்பனார்.

எழுதிய குருவானவர் இறந்து நெடுநாளாயிற்று. ஆயினும் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அத்தகையவரையும் பேசவிடுகிறது. இறந்தவர் தம் கடமையின் ஒழுங்கில் எழுதி வந்த ஏட்டின் பதிவை 32ஆம் பிரிவு ஏற்கிறது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்கவேண்டிய காவலிலிருந்தே கொண்டுவரப்பட்டால், கையெழுத்தை மெய்யெனக் கொள்ளலாம் என்கிறது 90ஆம் பிரிவு. அந்த ஒரு வரியினாலேயே வழக்கு வென்றது என்று நான் சொல்லமாட்டேன். அது சட்டத்தரணிகள் திண்ணையில் விடும் கதையாகிவிடும். தீர்ப்பே வரவில்லை. அப்பக்கத்தின் பிரதியைக் கண்டபின் எதிர்த்தரப்பார் சமாதானத்துக்கு வந்தனர். நட்ட பயிரை எடுத்துக்கொண்டு விலகினர். பயிரின் பெறுமதியில் ஒரு பங்கை என் கட்சிக்காரர் தாமாகவே கொடுத்தார். ஏன் கொடுத்தீர் என்று கேட்டேன். அவரும் எங்கிருந்தோ கிளப்பப்பட்டவர்தானே என்றார்.

பெரியோர்களே, ஒல்லாந்தன் தோம்பு எழுதினான்; வரி வாங்க எழுதினான். ஆங்கிலேயன் காணிப் பதிவகம் வைத்தான். அதுவும் அவன் தேவைக்கே. ஒருவரிடமும் ஒன்றும் வாங்குவதற்காக அல்லாமல், நன்றி சொல்வதற்காகவே நம் தகப்பன்மாரின் பெயரை எழுதி வைத்த ஏடு நான் கண்டவரையில் இதுவொன்றே.

எழுதுவதும் சேர்ப்பதும் இச்சபைக்கு இரத்தத்தில் ஊறிய குணம். நல்லூர் ஞானப்பிரகாசர் சுவாமியார், மானிப்பாயிற் பிறந்து, புகையிரதப் பகுதி உத்தியோகத்தை உதறிச் சபையிற் சேர்ந்து, ஊர் ஊராய்த் திரிந்து பழைய ஓலைகளையும் இடப்பெயர்களையும் திரட்டினார். அவருடைய 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் வந்தது. அதே ஆண்டில்தான் இச்சபையின் தோமஸ் சுவாமியார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடக்கினார். மௌனத்தையே விரதமாகக் கொண்ட அத்துறவிகள் முந்திரிகைக் கொடியைப் படரவிட்டு நம் கமக்காரருக்கு ஒரு வழியைக் காட்டினார்கள். பத்திரிசியார் கல்லூரியின் லோங் சுவாமியார் யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம் எழும்ப உழைத்தவர்களில் ஒருவர். அந்நூல் நிலையம் 1981 யூன் 1ஆந் திகதி, 97,000 வரையான நூல்களோடு எரிந்தது. அத்தீயைத் தூரத்திருந்து கண்ட தாவீது அடிகள், பன்மொழிப் புலவர், அதிர்ச்சி தாங்காது உயிர் நீத்தார் என்பதை இங்கு அறியாதார் இல்லர்.

விழா மேடையிற் சொல்லலாகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சுவாமிமார் பொறுத்தருள்க. 1847இல் சபை இங்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இம்மண்ணின் மைந்தர் ஒருவர், எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை, மேற்றிராணியாராக வந்தது 1950இல். நூற்றுமூன்று ஆண்டு! அதுவரை இருந்த மேல்நாட்டார் நல்லவர் அல்லர் என்பதல்ல என் வாதம். பொஞ்சீன் ஆண்டகையைப் போல் உழைத்தவர் எத்தனை பேர்? ஆனால் இருநூறாம் ஆண்டு மலர் ஒன்று வெளிவருமாயின், இந்த நூற்றுமூன்று ஆண்டுக் கணக்கும் அதில் இடம்பெற வேண்டும். நன்றி எழுதிய கை இதையும் எழுதலாம்.

மலர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இக்கால விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். ஆசியுரை, வாழ்த்துரை, மந்திரியின் படம், பிரதேச சபைத் தலைவரின் படம், என்னைப் போன்றோரின் படம். நாற்பது பக்கம் புரட்டினாலும் சோறு சமைத்தவர் யார், பந்தற்கால் யாருடைய வளவில் நின்றது என்று ஒரு வரி கிடையாது. முப்பது ஆண்டு கழித்து அம்மலரைக் கொண்டு ஒருவரும் ஒரு பரப்புக் காணியையும் மீட்கமாட்டார்.

ஆகவே சபையினருக்கு என் விண்ணப்பம் இது. பிழைத்த குறிப்பேடுகள் எவ்வில்லங்களில் உள்ளன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அவற்றைப் படம்பிடித்து, ஒன்றை ஆயர் இல்லத்திலும் ஒன்றைக் கடல் கடந்தும் வையுங்கள். துறவிகளின் அந்தரங்கம் அவற்றில் உண்டு என்பதை அறிவேன். அதைப் பூட்டி வையுங்கள். அயலவரைப் பற்றிய வரிகளை அந்த அயலவரின் பிள்ளைகள் கேட்டால் காட்டுங்கள். மூலத்தை மட்டும் இல்லத்தை விட்டு வெளியே கொடாதீர்கள். காவல் மாறினால் 90ஆம் பிரிவு கைகொடாது. எழுதுவதை நிறுத்திவிட்ட இல்லங்கள் உண்டென்று கேள்விப்படுகிறேன். இன்றிரவே மீண்டும் தொடங்கலாம்; இந்தக் கூட்டத்துக்குக் கதிரை கொடுத்தவர் யாரென்று எழுதித் தொடங்கலாம்.

கமக்காரருக்கும் ஒரு வார்த்தை. உறுதி பாட்டன் பெயரில் இருந்தால் அது போதும் என்றிராதீர்கள். தகப்பன் உயிரோடிருக்கையில் நொத்தாரிசிடம் போங்கள். சைவரும் உங்கள் கோயிலின் திருவிழா உபயக்காரர் பட்டியல்களைத் தேடி எடுங்கள். அவையும் இத்தகைய ஏடுகளே.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் இருட்டும் வரை குருமனை விறாந்தையில் இருப்பேன். பழைய உறுதி, கலியாணப் படம், முதல்நன்மைப் படம், எது இருந்தாலும் கொண்டுவந்து காட்டுங்கள். கட்டணம் இல்லை. மூலத்தை என்னிடம் விட்டுச் செல்ல வேண்டாம்.