கூலிக்கு வந்த தமிழ்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்ந்த பொழிவு)



2025-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் சென்னையில் ஒரு திரைப்படத்தின் பாடல் வெளியீட்டு விழா நடந்தது. கன்னட நடிகர் சிவராசுகுமார் அதற்கு விருந்தினராக வந்திருந்தார். படத்தின் தலைமை நடிகராகிய கமலகாசன் பேச எழுந்தார். உயிரையும் உறவையும் தமிழையும் தம் வழக்கப்படி விளித்தார். பின் விருந்தினரை நோக்கி, உங்கள் மொழி தமிழிலிருந்து பிறந்ததே என்னும் கருத்துப்படச் சில சொற் சொன்னார். அன்பினால் சொன்னது என்பது அவர் கூற்று. கேட்டார் செவியில் அது அன்பாக விழவில்லை.

பின்னர் நடந்தவற்றை நாளிதழ் படிப்போர் அறிவர். மன்னிப்புக் கேட்டாலன்றிப் படம் கருநாடகத்தில் திரையேறாது என்று அங்குள்ள திரைப்பட வணிகர் அமைப்புக் கூறிற்று. வழக்கு உயர்முறைமன்றத்திற்குச் சென்றது; ஒரு மன்னிப்புச் சொல்லி முடித்துவிடலாகாதா என்று நடுவர் வினவினார். நடிகர் சொல்லவில்லை. சூன் 5-ஆம் நாள் ஏனைய இடங்களில் வெளிவந்த படம் கருநாடகத்தில் மட்டும் வரவில்லை. சான்றிதழ் பெற்ற படத்தைக் கும்பலின் அச்சுறுத்தலுக்கு அஞ்சி நிறுத்தலாகாது என்று தில்லி உச்சமுறைமன்றம் உரைப்பதற்குள் படம் ஓடி ஓய்ந்தும் போயிற்று.

தமிழ்நாட்டிலோ பெருமிதம்! தமிழைத் தாயென்று சொன்ன மகன் தலைவணங்கவில்லை என்று தேநீர்க் கடைகளிலெல்லாம் மீசைகள் முறுக்கேறின. நன்று. தலைவணங்காமை நல்ல பண்பே. ஆயினும் அந்தப் படத்தின் பெயர் என்ன என்று ஒருவரேனும் கேட்டனரா? ‘தக் லைஃப்’ என்பது அதன் பெயர். (சுவரொட்டியில் உள்ளதை உள்ளவாறே சொல்ல வேண்டியிருத்தலின் அயலொலிகளை அவையோர் பொறுத்தருள்க.) முதற்சொல் வட இந்தியாவில் வழிப்பறிக் கொலைஞரைக் குறித்த சொல். வெள்ளையன் அதனைத் தன் நாட்டுக்குக் கொண்டு சென்று ஆங்கிலமாக்கினான். கப்பலேறிப் போன அந்தச் சொல் கடல் சுற்றித் திரும்பி, இன்னோர் ஆங்கிலச் சொல்லின் கையைப் பற்றிக்கொண்டு, தமிழ்ப் படத்தின் நெற்றியில் வந்து அமர்ந்தது. அதன் கீழே நின்றுகொண்டுதான் தமிழ் யாரைப் பெற்றாள் என்று பேறு பார்த்தனர்!

தமிழ் கன்னடத்தைப் பெற்றதா, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்பது மொழிநூலார் அமைந்திருந்து ஆராய வேண்டிய வழக்கு. 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட நாள்தொட்டு அது நடந்துவருகிறது. பாவாணர் வழிநிற்போர் தமிழே தாய் என்பர். பல்கலைக்கழகத்தார் உடன்பிறப்பு என்பர். எவ்வாறாயினும் பாடல் வெளியீட்டு விழா அதற்குரிய அவையன்று. தாய்மை நிறுவப்படுமுன் தாய்க்குச் சோறிட்டிருக்க வேண்டாவா?

இருபது ஆண்டுகட்கு முன்னரும் இந்நடிகருக்கு இத்தகைய வழக்கொன்று வந்ததுண்டு. 2005-இல் அவர்தம் படத்துக்கு ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். மருத்துவர் இராமதாசும் தொல். திருமாவளவனும் முன்னின்ற தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம், பெயரை மாற்றுக என்றது. அவர் மாற்றவில்லை. அன்றும் தலைவணங்கவில்லை என்க. ஒருவர் தமிழுக்காகவும் வணங்காமல் தமிழிடமும் வணங்காமல் இருத்தல் அரிய ஆற்றலே. அதே காலத்தில் வேறொருவர் ‘பி.எஃப்.’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெயராக இட்டிருந்த படம், எதிர்ப்புக்குப் பின் ‘அன்பே ஆருயிரே’ என்றாயிற்று. நெருக்கினால் அழகான தமிழ் வருகிறது என்பதற்கு அது சான்று.

இந்நிலையில்தான் 2006-இல் கலைஞர் கருணாநிதியின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்பது அவ்வாணை. அன்று இயக்கத்தார் பலர் மகிழ்ந்தனர். இனிப்பு வழங்கியோரும் உண்டு. மகிழ்ந்ததில் பிழையில்லை. அடுத்த கிழமையே தமிழ்த்திரையுலகில் தமிழ் ஊற்றெடுத்ததைக் கண்டோர் யார்தாம் மகிழார்? ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’ என்று விளம்பரமான படம் முன்னிரண்டு சொற்களையும் உதிர்த்துவிட்டு ‘உனக்கும் எனக்கும்’ என்று வந்தது. ‘ரோபோ’ என்று பேசப்பட்டது 2010-இல் ‘எந்திரன்’ ஆகி வந்தது. இவற்றினும் சுவையானது ஒன்றுண்டு. ‘ஜில்லுனு ஒரு காதல்’ என்று எழுதியிருந்தனர். ஆணை வந்ததும் ‘சில்லுனு ஒரு காதல்’ என்று எழுதினர்! அயலெழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் விதி செய்து ஈராயிரம் ஆண்டு கடந்தது. அவர் சொல்லிக் கேளாத சுவரொட்டிக்காரர், வணிகவரித் துறை சொல்லிக் கேட்டனர். ‘சில்லென்று’ என எழுதினால் இன்னும் நன்றாயிருந்திருக்கும். ஆனால் கொச்சைக்கு அரசாணையில் வரி இல்லை. போகட்டும். ‘சிவாஜி’ என்றொரு படம் 2007-இல் வந்தபோது ஆட்பெயர் தமிழா தமிழன்றா என்னும் புலமை வழக்கும் எழுந்தது. பாணினிக்கும் தொல்காப்பியருக்கும் கிட்டாத ஆராய்ச்சி, எல்லாம் வரிக் கணக்கால் விளைந்தது.

வரி போயிற்று. நுழைவுச்சீட்டின் விலை அதனால் குறைந்தது என்று படம் பார்ப்போர் எவரும் சொல்லக் கேட்டதில்லை. தமிழின் பெயரால் விட்ட பணம் தமிழனின் பைக்கு வரவில்லை. எங்கேயோ நடுவழியில் நின்றுவிட்டது. 2011-இல் அடுத்த ஆட்சி, பெயர் மட்டும் போதாது, உரையாடலும் பெரும்பாலும் தமிழாயிருத்தல் வேண்டும், பண்பாடு வேண்டும், அனைவரும் காணத்தக்கதென்னும் சான்று வேண்டும் என்று கட்டுகளைக் கூட்டியது.

பிறகு 2017 சூலை முதல் நாள் வந்தது. நடுவணரசின் சரக்கு, பணி வரி நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. நூறு உருபாவிற்கு மேற்பட்ட சீட்டுக்கு நூற்றுக்கு 28, அதற்குட்பட்டதற்கு 18 என்று தில்லி விதித்தது. தமிழ்ப் பெயருக்கு விலக்கு என்னும் பேச்சு அதில் இல்லை. அதன்மேல் உள்ளாட்சி வரியும் வர, திரையரங்குகள் நான்கு நாள் கதவடைத்தன. பின்னர்த் தமிழ்ப் படத்துக்கு அவ்வரி குறைக்கப்பட்டது. ஆனால் அது படத்தின் மொழியைப் பார்த்ததேயன்றிப் பெயரைப் பார்க்கவில்லை. பெயருக்குக் கிடைத்துவந்த கூலி நின்றது.

கூலி நின்றதும் வேலையாள் என்ன செய்வான்? கடையைப் பார்த்து நடப்பான். ‘மாஸ்டர்’, ‘டாக்டர்’ 2021-இல். ‘பீஸ்ட்’, ‘டான்’ 2022-இல். ‘ஜெயிலர்’, ‘லியோ’ 2023-இல். 2024-இல் ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்று ஐந்து ஆங்கிலச் சொற்களை ஒரே மூச்சில் சொல்லவேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியோர் முதலெழுத்துகளைக் கூட்டிச் சுருக்கினர். சுருக்கியபோது ஆங்கிலத்தில் ஆடு என்று வந்தது. 2025-இல் ‘குட் பேட் அக்லி’, ‘டிராகன்’, ‘ரெட்ரோ’. அதே ஆண்டு ஆகத்து 14-ஆம் நாள் ‘கூலி’ வந்தது. ஆங்கிலப் பெயர்களின் அணிவகுப்பில் நின்றமையால் அதனையும் ஆங்கிலமென்றே எண்ணிய பிள்ளைகள் இருக்கக்கூடும். கூலி தமிழ்ச்சொல், ஐயா! வள்ளுவர் உழைப்பின் பயனைச் சொல்லுமிடத்து ஆண்ட சொல். அச்சொல்லை வெள்ளையன் எடுத்து, இலங்கையின் தேயிலை மலைக்கும் மலேயாவின் தோட்டங்களுக்கும் நேட்டாலின் கரும்புக் கொல்லைக்கும் போன நம்மவரை இழித்துரைக்கும் பெயராக்கினான். ஆங்கில அகரமுதலியார் அதன் பிறப்பைப் பற்றி இருவேறு கருத்துச் சொல்வர். நெற்றிவியர்வையோடு கூடிய அதன் தமிழ்ப் பொருளை அவர்களால் மாற்றவியலாது.

இவ்விடத்தில் வழக்கமாகத் திரைத்துறையாரை வசைபாடி முடிப்பது நம் மேடைகளின் மரபு. வசைக்கு அவர்கள் உரியரே. எனினும் விலை பேசியவர் ஒருவராயின் விலை கொடுக்கச் சொன்னவர் யார்? தமிழுக்குப் பணம் தருக என்று அரசைக் கேட்டது யார்? 2006-இல் கைதட்டியோர் யார்?

1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழை மேற்கொண்டபோது வேதாசலம் என்னும் தம் பெயரை மாற்றினார்; ‘ஞானசாகரம்’ என்னும் தம் இதழை ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். எந்த அரசு அவருக்கு வரி விலக்கியது? ஆட்சியில் இருந்தவன் வெள்ளையன். ஊரில் இருந்தவர் நகைத்தவர். அக்காலத் திருமண அழைப்பை எடுத்துப் பாருங்கள்: ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்றிருக்கும். இன்று நாட்டுப்புறத்தில் எழுத்தறியாத தாய்கூடத் ‘திருமண அழைப்பிதழ்’ என்று அச்சிட்டதையே மஞ்சள் தடவித் தருகிறாள். கூட்டங்களில் ‘அக்கிராசனர்’ இருந்தார், ‘தலைவர்’ ஆனார். தேர்தலில் ‘அபேட்சகர்’ நின்றார், ‘வேட்பாளர்’ ஆனார். ‘வந்தனோபசாரம்’ சொன்னார்கள், ‘நன்றியுரை’ சொல்கிறார்கள். ‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வந்தது. இவற்றுள் ஒன்றற்கேனும் ஒரு காசு ஊக்கத்தொகை உண்டா? கையெழுத்தில் தொடங்கி, கழக மேடையில் ஏறி, அச்சகத்துக்காரர் ‘இப்படித்தான் அடிப்பார்களா, ஐயா?’ என்று கேட்க, ‘இப்படித்தான் அடிக்கவேண்டும்’ என்று மணமகன் தந்தை சொல்லி, அவ்வாறு வந்த சொற்கள் அவை. போகவில்லை. வானொலியைப் பாருங்கள். 2023 மே திங்களில் ஆகாசவாணி என்றே இனிச் சொல்க என்று தில்லியிலிருந்து ஆணை வந்தது, எதிர்ப்பும் எழுந்தது. கேட்போர் வாயிலோ அது வானொலியாகவே இருக்கிறது. வாய் அரசாணை படிப்பதில்லை.

திரைத்துறையிலேயே இதற்குச் சான்றுண்டு. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமென்று வந்த ‘காளிதாசில்’ நாயகி டி.பி. இராசலட்சுமி தமிழிற் பேச, உடன் நடித்தோர் பிறமொழிகளிற் பேசினர். அக்குழப்பத்தில் தோன்றிய துறை, இன்று எந்தப் படத்தையும் ‘எழுத்து, இயக்கம்’, ‘ஒளிப்பதிவு’, ‘படத்தொகுப்பு’, ‘இசை’ என்று பெயரிட்டே தொடங்குகிறது. ‘டைரக்‌ஷன்’ எங்கே போயிற்று? ‘பீஸ்ட்’ எடுத்தவரும் இயக்குநரே. ‘டான்’ எடுத்தவரும் இயக்குநரே. தலைப்பு ஆங்கிலமானபோதும் அதனை எடுத்தவரின் தொழிற்பெயர் தமிழாகவே நிற்கிறது. முன்னது வரிக்காக வந்தது. பின்னது வழக்காக வந்தது.

தொலைக்காட்சியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை; ‘பிரேக்கிங் நியூஸ்’ என்று நாள்தோறும் உடைவது செய்தியன்று. ஒன்றை மட்டும் குறிக்கலாம். 2017 முதல் ‘பிக் பாஸ்’ என்றொரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு வீட்டில் அடைபட்டவர்கள் நூறு நாள் கலவைமொழியிற் சண்டையிடுவார்கள். முகங்காட்டாத ஒரு குரல் மட்டும் இடையிடையே எழுத்துத்தமிழில் ஆணையிடும். அந்த வீட்டில் நல்ல தமிழ் பேசுபவர் கண்ணுக்குத் தெரியாதவர் ஒருவரே! நம் இயக்கத்தின் நிலையும் அதுதானோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சற்றுமுன் இவ்வவையில் ஒலிவாங்கி பழுதுற்றபோது இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்த குரல் என்ன சொல்லிற்று? ‘மைக்கு கேக்கல’ என்றன்றோ சொல்லிற்று! பெயர் சொல்ல வேண்டா. அவர் இருபதாண்டு உறுப்பினர்.

வரி விலக்கு ஒழிந்தபின்னரும் தமிழ்ப் பெயர் வைத்தோர் உளர் என்பதையும் சொல்லவேண்டும். 2022-இல் ‘வலிமை’, 2023-இல் ‘துணிவு’, ‘விடுதலை’, ‘மாமன்னன்’. ‘துணிவு’ வந்த அதே நாளில் ‘வாரிசு’ம் வந்தது, அது அரபுச் சொல் என்பது பலர்க்குத் தெரியாது. 2024-இல் ‘வாழை’, ‘கொட்டுக்காளி’. அவ்வாண்டே ‘லப்பர் பந்து’ என்றும் ஒன்று வந்தது. லகரம் மொழிக்கு முதலாகாது என்று புலவர் சினக்கலாம், ஆயினும் ஆங்கிலச் சொல்லைப் பிடித்து நாட்டுப்புறத்தான் தன் நாவுக்கேற்ப நெளித்துக்கொண்ட உரிமை அதில் இருக்கிறது. இவர்களுக்கு எவரும் எதுவும் தரவில்லை. 2006-க்கும் 2017-க்கும் இடையில் வந்த நூறு தமிழ்ப் பெயர்களைவிட இந்தச் சிலவற்றை மதிப்புடையனவாகக் கொள்ளலாம்.

அவற்றுள்ளும் ‘மெய்யழகன்’ என்னும் படத்தின் கதை இவ்வவை கேட்கத்தக்கது. சென்னையில் வாழும் அருள்மொழி என்பவன் தங்கை முறையாகும் பெண்ணின் திருமணத்துக்காகத் தான் பிறந்து வளர்ந்த தஞ்சைப் பக்கத்துக்கு நெடுநாள் கழித்துப் போகிறான். அங்கே உறவினன் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடிக்கிறான், அத்தான் என்கிறான், ஊட்டுகிறான், வீட்டுக்கு அழைத்துச் சென்று படுக்க வைக்கிறான். பழைய நாளின் ஒவ்வொன்றையும் நினைவு வைத்திருக்கிறான். அருள்மொழிக்கோ அவன் பெயரே நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் நாணம். இரவு முழுதும் தெரிந்தவன்போலவே பேசிக்கொண்டிருக்கிறான். பொறுக்கவொண்ணாத நிலையில், விடியுமுன் சொல்லாமற் கொள்ளாமல் எழுந்து சென்னைக்குத் திரும்பிவிடுகிறான். பின்னொருநாள், தொலைப்பேசியில் அழைத்து, உன் பெயர் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். மறுமுனையில் இருப்பவன் சினக்கவில்லை. மெல்ல மெல்ல எடுத்துக்கொடுக்கிறான். பெயர் நினைவுக்கு வருகிறது.