பதினாறு வயது வேடம்



சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சென்றால், தமிழக எல்லையைக் கடந்தவுடன் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் வருகின்றது. 2008ஆம் ஆண்டில் தோன்றிய இந்நகரம், அப்போது சித்தூர், நெல்லூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியிருந்தது. 2022இல் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துடன் சேர்ந்தது. அருகிலுள்ள சத்தியவேடு வட்டாரம், 1960 ஏப்ரல் முதல் நாள் நிகழ்ந்த எல்லை மாற்றத்தினால் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்தை அடைந்த பகுதியாகும். ஆகவே, அங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தொழிற்சாலைப் பணியை நாடிச் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இரு மொழித் திரைப்படங்களையும் கண்டு களிக்கின்றன.

அத்தகைய இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளிச் சீருடையணிந்து, தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு திரையில் துள்ளி வரும் கதாநாயகனைப் பார்த்து, "இந்த அண்ணன் எத்தனை வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறார்?" என்று அவர்கள் கேட்கின்றார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகின்றோம். அக்கேள்விக்குத் தக்க விடை உண்டு. அதனைச் சற்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில், இவ்வழக்கம் திரைப்படத்தோடு பிறந்ததன்று. சித்தூர், புத்தூர், நகரி வட்டாரங்களில் திரௌபதியம்மன் விழாக்களின்போது பாரதக் கூத்து ஆடுவது நெடுங்கால மரபு. அங்கே அபிமன்யுவாக வேடம் புனைந்து வருபவர் மீசை முளைத்த, தோள் திரண்ட, குடும்பம் நடத்தும் ஆடவராகவே இருப்பார். அபிமன்யுவோ போர்க்களத்தில் மடிந்தபோது பதினாறே வயது நிரம்பியவன் என்பது மரபு. ஆயினும் விடியும்வரை விழித்திருந்து பார்க்கும் மக்களில் எவரும் நகைப்பதில்லை. அவன் வீழும்போது கண்ணீர் விடுகின்றார்கள். முடியும் அரிதாரமும் பாட்டும் சேர்ந்து, "இவன் அபிமன்யு" என்று சொல்லிவிட்டால், ஆடுபவரின் வயதைக் கணக்கிடுவதைச் சபை நிறுத்திவிடுகின்றது.

இதே அபிமன்யு 1957ஆம் ஆண்டில் வெள்ளித் திரைக்கு வந்தான். கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். வத்ஸலையை அபிமன்யு மணக்கும் கதையாதலால், போரில் மடிந்த வயதினும் அவன் இளையவனாக இருத்தல் வேண்டும். தெலுங்குப் படத்தில் அவ்வேடத்தை ஏற்ற அக்கினேனி நாகேஸ்வர ராவுக்கு அப்போது வயது 32. தமிழில் நடித்த ஜெமினி கணேசனோ முப்பத்தைந்தைத் தாண்டியவர். புராணக் கதையாதலால் கூத்து மேடையின் வழக்கம் அப்படியே செல்லுபடியாயிற்று.

ஆனால், காமிராவின் கண் கூத்து மேடையின் எண்ணெய் விளக்கைப் போன்றதன்று. அது முகத்தருகே சென்று நெற்றிச் சுருக்கத்தையும் எண்ணிவிடுகின்றது. கதையும் புராணத்தை விட்டு நம் தெருவுக்கு வந்து, நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தையே காட்டுகின்றது. அந்நிலையிலும் வளர்ந்தவரையே மாணவராக்குவது ஏன்?

முதற் காரணம் வாணிபம். மக்கள் சீட்டு வாங்குவது பெரும்பாலும் நடிகரின் பெயருக்காக. பெயர் பெறுவதற்குள் பள்ளி வயது கடந்துவிடுகின்றது. 2008இல் வெளிவந்த 'வாரணம் ஆயிரம்' படத்தில் ஒருவனது வாழ்க்கையைப் பள்ளிப் பருவத்திலிருந்து காட்ட வேண்டியிருந்தது. 33 வயதான சூர்யா உடலை மெலிவித்துக்கொண்டு அவ்விளம் பருவத்தையும் தாமே நடித்தார். 1991இல் 'இதயம்' படத்தில் கல்லூரி மாணவராக உள்ளங் கவர்ந்த முரளி, அதன் பின்னரும் பல படங்களில் கையில் புத்தகத்தோடு கல்லூரிக்குப் போய்க்கொண்டேயிருந்தார் என்று மக்கள் அன்போடு கேலி பேசுவதுண்டு. 2010இல் தம் மகன் அதர்வா அறிமுகமான 'பாணா காத்தாடி'யில், 'இதயம்' படத்துப் பாத்திரமாகவே அவர் சிறிது நேரம் தோன்றியது அக்கேலியைத் தாமும் சிரித்து ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது.

மேனாட்டிலும் நிலைமை இதுவே. 1936இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'ரோமியோ ஜூலியட்' படத்தில் ரோமியோவாக நடித்த லெஸ்லி ஹோவர்டு நாற்பதைத் தாண்டியவர். ஜூலியட்டாக நடித்த நார்மா ஷியரர் முப்பதைத் தாண்டியவர். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கோ பதினான்குகூட நிரம்பவில்லை.

இரண்டாவது காரணம் உடலின் இயல்பு. வளரிளம் பருவத்துப் பையன் ஓர் ஆண்டில் 9 சென்டிமீட்டர்கூட உயரக்கூடும், குரலும் உடையும். திரைப்படமோ கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. கடைசிக் காட்சியை முதலிலும், முதற் காட்சியை ஆறு மாதம் கழித்தும் எடுப்பார்கள். அதற்குள் பையன் வேறொருவனாகிவிட்டால் தயாரிப்பாளரின் முதல் என்னாவது? இருபது வயதைக் கடந்தவர் ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருப்பார்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் முக்கியமானது. நடிப்பும் உழைப்பே. அதிகாலையில் அரிதாரம், நாள் முழுதும் சுடும் விளக்கின்கீழ் நிற்றல், இரவிலும் படப்பிடிப்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று கதைகள் விரும்பிக் காட்டும் வயது, உண்மையான பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு எழுதும் வயது. ஒரு தொழிற்சாலை வாயிலில் வேலை கேட்டு நிற்பவரிடம் வயதுச் சான்றிதழைக் கேட்பார்கள் என்பதை ஸ்ரீ சிட்டித் தமிழர்கள் நன்கு அறிவார்கள். படப்பிடிப்பு நிலையமும் ஒரு தொழிற்கூடமே என்ற உணர்வு மட்டும் நம் நாட்டில் மிகத் தாமதமாகவே வந்தது.

அவ்வுணர்வு இல்லாத காலத்தில் நிகழ்ந்தது என்ன? பெரியவர் சிறியவராக நடிப்பதற்கு நேர்மாறாக, சிறியவர் பெரியவராக நடித்தனர். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நடத்தியபோது டி. கே. எஸ். சகோதரர்கள் அதிற் சேர்ந்தனர். அவர்களுள் டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது 6. எம். ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே இத்தகைய பாலர் சபைகளிற் புகுந்தவர்களே. பால் மணம் மாறாத பிள்ளைகள் அரசராகவும் அரசியாகவும் முனிவராகவும் மேடையேறினர். பெரிய நடிகரைக் காட்டிலும் சிறுவரைக் கட்டுக்குள் வைப்பது எளிது. கொடுக்கும் ஊதியமும் குறைவு. அச்சபைகள் நம் நாடக உலகுக்குத் தந்த கலைச்செல்வம் பெரிது. ஆயினும் மகரக்கட்டு நேர்ந்து குரல் உடைந்த நாளில், படிப்புமின்றி வேடமுமின்றி நின்ற பிள்ளைகளின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை.

திரைப்படத்திலும் இது தொடர்ந்தது. 1963 ஆகஸ்டில் சிவகாசிக்கு அருகே பிறந்த ஸ்ரீதேவியின் தாயார் திருப்பதியைச் சேர்ந்தவர். 1969இல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாகத் தோன்றிய அச்சிறுமி, 1976இல் கே. பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' படத்தில் 25 வயது ரஜினிகாந்துக்குச் சிற்றன்னையாகும் பெண்ணாக நடித்தபோது வயது 13. மறு ஆண்டு வெளிவந்த '16 வயதினிலே' படத்தில் மயிலாக நாடே கொண்டாடியபோது வயது 14. பின்னாளில் திருப்பதித் தொகுதியிலும் தேர்தலில் வென்ற என். டி. ராமராவுக்கு, 1972இல் 'படி பந்துலு' என்னும் தெலுங்குப் படத்தில் அவர் பேத்தியாக நடித்தார். 1979இல் 'வேடகாடு' படத்தில் அவருக்கே காதலியாக நடித்தார். இடையிலே ஏழே ஆண்டுகள்! ஸ்ரீதேவியின் திறமையை எவரும் மறுக்கவியலாது. எந்த ஒருவரையும் குற்றஞ்சாட்ட இதனைக் கூறவில்லை. அக்காலத்து வழக்கம் அது. ஆனால், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு உரிய நாள்கள் எங்கே போயின என்று அரங்கில் இருந்த நாம் ஒருவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

கடல் கடந்த நாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 1968இல் இத்தாலிய இயக்குநர் செஃபிரெல்லி, ஜூலியட்டாகவும் ரோமியோவாகவும் உண்மையான இளையோரையே நடிக்கச் செய்தார். உண்மைத் தன்மைக்காக உலகமே அதனைப் புகழ்ந்தது. அவ்விருவரும் முதுமையெய்திய பின், 2022 டிசம்பர் இறுதியில், தம்மை அவ்வயதில் ஆடையின்றிக் காட்டியது தவறென்று படநிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2023இல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எதுவாயினும், ஏறத்தாழ 55 ஆண்டுகள் ஆறாதிருந்த மனக்குறையை அது உலகுக்குக் காட்டிற்று. பதின்பருவத்துக் காதலைப் பதின்பருவத்தினரைக் கொண்டே காட்ட வேண்டும் என்போர் இதனைச் சிந்தித்தல் நலம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் நமக்கு, பருவங்களைக் குறிக்கும் சொற்கள் எப்போதும் சிந்தனையைத் தூண்டுவன. பெண்ணின் வாழ்க்கையைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று நுணுகிப் பகுத்தது தமிழ். சட்டத்துக்கு இரண்டு சொற்கள் போதுமானவையாயின: 14 வயதுக்குட்பட்டோர் 'குழந்தை', 14 முதல் 18 வரையுள்ளோர் 'வளரிளம் பருவத்தினர்'. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவது முற்றிலும் தடை செய்யப்பட்டு, குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் கலைத்துறைக்கும் மட்டும் கட்டுப்பாடுகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் நிற்கலாகாது. தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் நடிக்கலாகாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. வருமானத்தில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரால் நாட்டுடைமை வங்கியில் நிரந்தர வைப்பாக இடப்பெற வேண்டும். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்னும் குழந்தை நடிகரின் வருவாயில் பெரும்பகுதி செலவழிக்கப்பட்ட துயரத்தினால் 1939இல் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தின் கருத்து, நம் நாட்டிலும் இவ்வாறு வேரூன்றிற்று. மேலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தையாகவே கருதுகின்றது. இவற்றையெல்லாம் எண்ணும் தயாரிப்பாளர், பதினெட்டைக் கடந்தவரை நாடுவது இயல்பன்றோ?

அப்படியாயின் நாற்பது வயதினர் அரைக்கால் சட்டையணிந்து வந்தாலும் நாம் வாய்மூடிப் பார்க்க வேண்டுமா? இல்லை. இதிலும் ஒரு தீங்கு உண்டு. முதிர்ந்த உடலைப் பதினாறு வயதென்று நாள்தோறும் காட்டினால், உண்மையில் பதினாறு வயதான பையன் தன் மெலிந்த தோளையும் முகப்பருவையும் கண்டு நாணுகின்றான். பெண் குழந்தையோ தான் இன்னும் வளரவில்லையே என்று ஏங்குகின்றாள். வெளிமாநிலத்தில், மொழி வேறான பள்ளியில், ஏற்கெனவே தனித்து நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேக்கம் இரட்டிப்பாகின்றது. வளர்ந்த ஆடவனின் துணிச்சலையும் பிடிவாதத்தையும் சீருடைக்குள் புகுத்திக் காதல் என்று காட்டும் கதைகள், அவர்களுக்கு வாழ்க்கையைத் தவறாகக் கற்பிக்கின்றன.

நடுவழி ஒன்று உண்டென்பதை 2018இல் வெளிவந்த '96' காட்டிற்று. முதிர்ந்த பருவத்தை விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடிக்க, பத்தாம் வகுப்புப் பருவத்தை ஆதித்யா பாஸ்கர், கௌரி கிஷன் என்னும் புதுமுக இளையோரிடம் இயக்குநர் பிரேம்குமார் ஒப்படைத்தார். புகழ்பெற்ற முகம் இல்லாமையால் மக்கள் அப்பகுதியை வெறுக்கவில்லை, விரும்பியே பார்த்தனர். பள்ளிக் காதலென்றாலும் அதிலே நாணமும் தயக்கமும் மௌனமுமே மிகுந்திருந்தன. வயதுக்கு ஏற்ற எழுத்து அமைந்தால், வயதுக்கு நெருங்கிய நடிகரும் கிடைப்பர்.

ஆகவே, நேயர்களே, பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்கும்போது சிரித்துவிட்டுப் போகாதீர்கள். "அவர் பெரியவர்தான், உன் வயதுப் பிள்ளை இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் அந்த வேடம் போட்டிருக்கிறார்" என்று சொல்லுங்கள். "ஆகையால் அவருடைய உடம்பை உன் உடம்போடு ஒப்பிடாதே" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரையில் பொய்யாகத் தோன்றும் ஒரு சீருடை, எங்கோ ஒரு சிறுமியின் உண்மையான சீருடையைக் காப்பாற்றுமாயின், அந்தப் பொய்யை நாம் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான குழந்தை ஒன்று திரையில் தோன்றும்போதோ, நன்றாக நடித்ததா என்று கேட்பதற்கு முன்னர், அது நன்றாக உறங்கியதா, படித்ததா என்று கேட்கப் பழகுவோம்.